அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில்

எங்கள் ஊர்களில் இன்று யாரிடம் எதைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் ‘நேரமில்லை’ என்பதுதான். கடை வைத்திருக்கும் வாப்பாவுக்கு நேரமில்லை. அடுப்படியில் நிற்கும் உம்மாவுக்கு நேரமில்லை. தம்பிக்குப் புலமைப்பரிசில் பரீட்சை. ராத்தாவுக்குப் பல்கலைக்கழகப் படிப்பு. உயர்தரம் படிக்கும் எங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ‘கடற்கரைக்குப் போய் எத்தனை நாள்?’ என்று எங்கள் வகுப்பில் ஒருநாள் பேச்சு வந்தபோது, கடந்த நோன்புப் பெருநாளுக்குப் பிறகு போகவே இல்லை என்றுதான் பெரும்பாலானோர் சொன்னார்கள். கடலிலிருந்து பத்து நிமிட நடையில் வீடு உள்ளவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள எங்கள் கரையோர ஊர்களின் அமைப்பைச் சற்று நினைத்துப் பாருங்கள். கிழக்கே கடல். மேற்கே வயல். இடையில் பிரதான வீதியின் இருபுறமும் நெருக்கமாக வீடுகள். எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும் சிறிது நேரத்தில் கடலுக்கோ வட்டைக்கோ போய்விடலாம். கொழும்பில் ஒரு பிள்ளைக்கு இப்படிப்பட்ட கடற்கரை வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். அல்லாஹ் எங்களுக்கு இரண்டையும் வாசலில் தந்திருக்கிறான். நாங்களோ இரண்டுக்கும் நடுவில் நான்கு சுவருக்குள் இருக்கிறோம்.

இது வெறும் பொழுதுபோக்குப் பிரச்சினை என்று நான் நினைக்கவில்லை. உடலுக்கும் மனதுக்கும் மார்க்கத்துக்கும் எங்கள் பாதுகாப்புக்கும் இதில் தொடர்பு உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நேரத்தைப் பற்றிப் பேசுவோம். உண்மையில் முஸ்லிம்களின் நாள் வானத்தைப் பார்த்தே வகுக்கப்பட்டது. கிழக்கு வெளுக்கும்போது சுபஹ், சூரியன் உச்சி சாய்ந்ததும் லுஹர், நிழல் நீண்டதும் அஸர், சூரியன் மறைந்ததும் மஃரிப், செவ்வானம் மறைந்ததும் இஷா. மாதம் பிறப்பது பிறையைப் பார்த்து. எங்கள் மூத்தம்மாமார் கடிகாரம் இல்லாத காலத்தில் முற்றத்து நிழலைப் பார்த்தே நேரம் சொன்னவர்கள். இன்று எங்களுக்குக் கைத்தொலைபேசி நேரம் சொல்கிறது. பிறையையும் அதுதான் அறிவிக்கிறது. வானத்தைப் பார்க்க வேண்டிய தேவை ஒவ்வொன்றாகக் கழன்று போய்விட்டது.

இந்த ஐந்து நேரங்களில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் தனியானது. ஏறக்குறைய மூன்றரை மணியிலிருந்து ஆறு மணி வரை, இரண்டரை மணித்தியாலம். வெயில் தணிந்து, கடற்காற்று ஊருக்குள் வரும் நேரம் அது. கச்சான் காற்று வீசிக் கொதிக்கும் மாதங்களில்கூட அந்த நேரத்தில் வெளியே இருக்கலாம். முன்பு அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் விளையாடினார்கள், பெண்கள் வளவுக்குள் கூடியிருந்து பேசினார்கள், ஆண்கள் வயல் பார்த்து வந்தார்கள் என்று எங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இப்போது அந்த நேரம் யாரிடம் இருக்கிறது? பிரத்தியேக வகுப்புகளிடம். பாடசாலை ஒன்றரை மணிக்கு விடுகிறது. வீட்டுக்கு வந்து தொழுது சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு மீண்டும் பையைத் தூக்க வேண்டும். தகரக் கூரையின் கீழ், வாங்கில் ஐந்து ஆறு பேராக நெருக்கியிருந்து, மின்விசிறி காற்று யாருக்கு வருகிறது என்று பார்த்துக்கொண்டே படித்துவிட்டு, மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் வீட்டுக்கு ஓடி வருகிறோம். உயர்தரம் படிக்கும் எங்களுக்கு மட்டுமல்ல, பத்து வயது நிரம்பாத பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். சனி, ஞாயிறும் காலையிலேயே வகுப்புத் தொடங்கிவிடும். சூரியன் இருக்கும் நேரம் முழுவதும் கூரைக்குக் கீழே கழிகிறது.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று பெற்றோர் கேட்கலாம். முதலில் கண் கெடும். எங்கள் வகுப்பில் கண்ணாடி அணிந்தவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. சீனாவின் குவாங்சோ நகரில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதிப் பாடசாலைகளில் ஒவ்வொரு பாடசாலை நாளும் 40 நிமிடம் மேலதிகமாகப் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். மற்றப் பாடசாலைகள் வழமைபோல் நடந்தன. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தால், வழமைபோல் இருந்த பிள்ளைகளில் 100 பேருக்கு ஏறத்தாழ 40 பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விடப்பட்டவர்களில் அது 30 ஆகக் குறைந்திருந்தது. 2015 இல் இந்த முடிவுகள் வெளியாகின. தாய்வான் நாடோ 2010 ஆம் ஆண்டு முதலே பாடசாலைப் பிள்ளைகளை நாளொன்றுக்கு 120 நிமிடம் வெளியில் இருக்கச் செய்யும் திட்டத்தை நடத்திவருகிறது. படிப்பில் எங்களைவிட எந்த விதத்திலும் அக்கறை குறைந்த நாடுகள் அல்ல இவை. பரீட்சைப் போட்டிக்குப் பெயர் போனவை.

அடுத்தது மனம். 2019 இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் தரவுகளைக் கொண்டு ஓர் ஆய்வு வெளியானது. கிழமைக்கு 120 நிமிடமாவது பூங்கா, காடு, கடற்கரை போன்ற இடங்களில் கழிப்பவர்கள், அப்படிப் போகாதவர்களைவிட நல்ல உடல்நலத்தோடும் மனநிறைவோடும் இருப்பதாகக் கூறும் வாய்ப்பு அதிகம் என்று அது கண்டது. அந்த 120 நிமிடமும் ஒரே நாளில் கிடைத்தாலும், பல நாட்களில் சிறிது சிறிதாகக் கிடைத்தாலும் வித்தியாசம் இருக்கவில்லை.

இதை எங்கள் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு நாளின் அஸர் முதல் மஃரிப் வரையுள்ள நேரம் 150 நிமிடம். ஏழு நாளில் ஒரு பின்னேரத்தை விட்டுக்கொடுத்தால் போதும். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

ரியூசனை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாடத்திட்டம் பெரியது, வெட்டுப்புள்ளி உயரமானது என்பது எனக்கும் தெரியும். நான் மட்டும் ஒரு பின்னேரம் வகுப்புக்குப் போகாமல் விட்டால் எனக்குத்தான் நட்டம். மற்றவர்கள் ஒரு பாடம் முன்னே போய்விடுவார்கள். எந்த வீடும் தனியாக இதைச் செய்ய அஞ்சுவது அதனால்தான். ஆனால் ஊரே சேர்ந்து செய்தால் யாருக்கும் நட்டமில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் எந்த வகுப்பும் இல்லை என்று பெற்றோரும் ஆசிரியர்களும் பள்ளிவாசல் நிருவாகமும் கூடி ஒரு முடிவு எடுக்கட்டும். ஒன்பதாம் தரத்துக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதோடு இன்னொரு நாளையும் விடட்டும். எல்லோரும் ஒரே வேகத்தில் நடந்தால் யாரும் பின்தங்குவதில்லை. வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கும் வீடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது நல்லதுதான்.

நேரம் கிடைத்துவிட்டால் போதுமா? போதாது. எங்கள் ஊர்களில் கடலுக்குப் போகாமல் இருப்பதற்கு இன்னொரு பெரிய காரணம் இருக்கிறது. அது 2004 டிசம்பர் 26. இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். நாங்கள் அப்போது பிறந்திருக்கவில்லை. ஆனாலும் அந்தக் காலைப்பொழுது எங்கள் வீடுகளில் இன்னமும் இருக்கிறது. எங்கள் மூத்தம்மா அன்றைக்குத் தன் தங்கையை இழந்தவர். அதற்குப் பிறகு அவர் கடற்கரை மணலில் கால் வைத்ததில்லை. கடலை அவர் திட்டுவதும் இல்லை. கடற்பக்கம் ஜன்னலைத் திறப்பதும் இல்லை. அவரைப் போன்ற பெரியவர்களை ‘வாருங்கள், காற்று வாங்கலாம்’ என்று இழுக்க யாருக்கும் உரிமையில்லை. அந்தத் துக்கத்தை நாங்கள் மதிக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பயத்தை அப்படியே பிள்ளைகளுக்குக் கைமாற்றிவிடுவது பாதுகாப்பாகுமா என்று யோசிக்க வேண்டும். இந்தோனேசியாவில் சுமாத்திராவுக்கு அருகே சிமெலுவே என்றொரு தீவு இருக்கிறது. 2004 நிலநடுக்கம் நடந்த இடத்துக்கு மிக அருகில் உள்ள தீவு அது. அங்கும் முஸ்லிம்கள்தான் வாழ்கிறார்கள். 1907 இல் அங்கே ஒரு பேரலை வந்து ஏராளமானோர் இறந்தார்கள். அதன் பிறகு ‘நிலம் பலமாக ஆடிக் கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு’ என்பதைத் தாய்மார் பிள்ளைகளுக்குக் கதையாகவும் பாட்டாகவும் சொல்லிவந்தார்கள். 2004 இல் தீவில் இருந்த எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் இறந்தவர்கள் 7 பேர் மட்டுமே. அவர்கள் கடலை விட்டு ஒதுங்கி வாழ்ந்ததால் தப்பவில்லை. கடலைத் தெரிந்து வைத்திருந்ததால் தப்பினார்கள். எங்கள் தம்பிக்கு எந்த மாதத்தில் கடல் கொந்தளிக்கும், நீரோட்டம் எங்கே இழுக்கும், எங்கே காலை நனைக்கலாம், எங்கே கூடாது என்று எதுவும் தெரியாது. கரைவலை இழுக்கும் மீனவரின் பிள்ளைக்குத் தெரியும். இருவரில் யார் பாதுகாப்பானவர்? கடலில் இறங்கிக் குளிக்கச் சொல்லவில்லை. கரையில் நடந்து அதைப் பார்த்துப் பழகச் சொல்கிறேன்.

அடுத்து, பெண் பிள்ளைகளின் நிலை. இதை எழுதாவிட்டால் இந்தக் கட்டுரைக்குப் பயனில்லை. பின்னேரத்தில் எங்கள் கடற்கரையில் பந்து விளையாடுபவர்கள் ஆண் பிள்ளைகள். மணலில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் ஆண் பிள்ளைகள். உம்மாவோடு போனாலும் உற்றுப் பார்ப்பார்கள். தொலைபேசியில் படம் எடுத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. இருட்டினால் மின்விளக்கு இல்லை. அவசரத்துக்கு ஒதுங்க மலசலகூடம் இல்லை. இத்தனைக்கும் ஊர் கண்டுபிடித்த ஒரே தீர்வு, ‘பொம்பிளைப் பிள்ளைகள் போகத் தேவையில்லை’ என்பது. தவறு செய்பவர் வெளியே இருக்கிறார். தண்டனை வீட்டுக்குள் இருப்பவருக்கு.

மார்க்கம் இதைச் சொல்லவில்லை. பயணம் ஒன்றின்போது நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப்போட்டி வைத்ததும், அதில் அவர் வென்றதும், பின்னொரு காலத்தில் நபியவர்கள் வென்றதும் ஹதீஸில் வருகிறது. வீட்டுக்குள் ஓடிய ஓட்டமல்ல அது. திறந்த வெளியில் ஓடியது. ஒழுக்கமும் ஆடையும் எங்கள் பொறுப்பு. அதை நாங்கள் பேணுகிறோம். இடத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பது ஊரின் பொறுப்பு. கிழமையில் இரண்டு பின்னேரம் கடற்கரையின் ஒரு பகுதியைக் குடும்பங்களுக்கும் பெண்களுக்கும் ஒதுக்கலாம். அந்தப் பகுதிக்குள் மோட்டார் சைக்கிள் வரக்கூடாது என்று ஒரு கட்டை போடலாம். நான்கு விளக்கும், சுத்தமான இரண்டு மலசலகூடமும், குப்பை போட இடமும் இருந்தால் போதும். மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ இவை பெரிய செலவல்ல. எங்கள் கடற்கரையில் படர்ந்திருக்கும் அடம்பன் கொடியைப் பாருங்கள். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்கள். தாய்மார் ஐம்பது பேர் சேர்ந்து ஒரு கடிதம் கொடுத்தால் சபை திரும்பிப் பார்க்காமலா இருக்கும்?

கடலும் வயலும் வேண்டாம், வளவு போதும் என்று சொல்பவர்களும் உண்டு. வளவு எங்கே இருக்கிறது? எங்கள் பகுதியில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் செய்ய வேண்டும் என்பது எல்லோரும் அறிந்த வழக்கம். மூத்தம்மாவின் வளவு அவரது பெண் மக்களுக்குப் பிரிகிறது. அது மீண்டும் பேத்திகளுக்குப் பிரிகிறது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு வீடு, ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் ஒரு மதில், மதிலுக்கும் சுவருக்கும் இடையில் சீமெந்துத் தரை. மரம் நிற்க இடமில்லை. மழைத்தண்ணீர் இறங்கவும் இடமில்லை. மாரியில் முற்றத்தில் தண்ணீர் தேங்குகிறது என்று முறைப்பாடு சொல்கிறோம்.

எங்கள் ராத்தாவின் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியபோது மூத்தம்மா நட்ட கறுத்தக்கொழும்பான் மாமரம் போனது. அணில், கிளி, காகம் எல்லாம் வந்து போன மரம். அடுத்த அத்திவாரம் எனக்கு. அந்த இடத்தில் இப்போது ஒரு பலாவும், கிணற்றடியில் இரண்டு முருங்கையும் நிற்கின்றன. வாப்பா கட்டாரில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்வதும் இந்த இரண்டு வீட்டுக்காகத்தான். அவருக்கு நேரமில்லாமல் போனதற்குக் காரணம் அவரது சோம்பலோ அக்கறையின்மையோ இல்லை. பெண் மக்கள் மீது வைத்த பாசம்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே சென்ற மாதம் தொலைபேசியில் அவரிடம் கேட்டேன்: “வாப்பா, எனக்குத் தனியாக வீடு வேண்டாம். உம்மாவின் வீட்டுக்கு மேலே மாடி எடுத்துத் தாங்க. மரத்தை விடுங்க. செலவு குறைஞ்சா நீங்களும் ஒரு வருஷம் முந்தி வரலாம்.” யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் பதில் வரவில்லை. என் வயதுச் சகோதரிகள் எல்லோரும் தங்கள் வாப்பாவிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். மூத்தம்மாவுக்குப் போய்க்கொண்டிருந்த நன்மையை அத்திவாரத்துக்காக நிறுத்த எங்களுக்கு மனம் வரலாமா?

உம்மாமாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் குடும்பமாகக் கடற்கரைக்குப் போவது என்றால் உம்மாவுக்கு அது இன்னொரு வேலைநாள். பகல் முழுவதும் சமைத்து, சட்டி கட்டி, பாய் எடுத்து, அங்கே போய்ப் பரிமாறி, திரும்பி வந்து அத்தனையையும் கழுவ வேண்டும். பிறகு எப்படி ‘போவோமா?’ என்று அவர் வாயிலிருந்து வரும்? கடலுக்குப் போகும் நாளில் சமையல் வேண்டாம். வீட்டிலிருந்து ஒரு போத்தல் பிளேன்ரீ கொண்டுபோங்கள். அங்கே கச்சான் கொட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அது போதும். உம்மாவும் கால் நீட்டி உட்கார்ந்து அலையைப் பார்க்கட்டும்.

அதேபோல் இயற்கையைப் பார்ப்பது என்றால் வேன் பிடித்து நுவரெலியா போவது என்ற எண்ணமும் மாற வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை விடிய முன் புறப்பட்டு, வளைவு வளைவாக வாந்தி எடுத்து, நீர்வீழ்ச்சியின் முன்னால் படம் எடுத்து, இரவு திரும்பி வருகிறோம். போவது நல்லதுதான், ஆனால் அதற்குப் பணமும் விடுமுறையும் வேண்டும். எங்கள் வட்டைக்குப் போக எதுவும் வேண்டியதில்லை. ஐப்பசியில் விதைப்பு, மார்கழியில் பச்சை, மாசி பங்குனியில் வெட்டு என்று மூன்று நிறத்தில் வயல் மாறுகிறது. ஐப்பசி முதல் பங்குனி வரை தூர நாட்டுப் பறவைகள் இலங்கைக்கு வந்து தங்குகின்றன. எங்கள் வயல்களிலும் தோணாக்களிலும் அவற்றைப் பார்க்கலாம். பாய்ச்சல் வாய்க்கால் வரம்பில் அரை மணித்தியாலம் நடந்தால் உயிரியல் பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த உணவுச் சங்கிலி முழுவதும் கண்ணுக்கு முன்னால் தெரியும். நெல், தத்துவெட்டி, தவளை, கொக்கு. பாடசாலைகளும் கீழ் வகுப்புகளின் விஞ்ஞானப் பாடத்தை மாதத்துக்கு ஒருமுறை வகுப்பறைக்கு வெளியே நடத்தலாம்.

அதற்கும் முடியாத வீடுகள் இருக்கின்றன என்பது தெரியும். நோயாளி உள்ள வீடு, கைக்குழந்தை உள்ள வீடு, இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடு. அவர்கள் சுபஹ் தொழுதவுடன் பத்து நிமிடம் வாசலில் உட்காரலாம். கடலுக்கு மேலே வெளிச்சம் வருவதைப் பார்க்கலாம். பிறை காணும் நாளில் பிள்ளைகளைத் தொலைபேசியை விட்டு மொட்டைமாடிக்கு அழைத்துப் போகலாம். அங்கே பழைய வாளியில் கறிவேப்பிலையும் பசளிக்கீரையும் வைத்துத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பைச் சின்னவர்களுக்குக் கொடுக்கலாம்.

அன்பான பெற்றோர்களே! எங்கள் எதிர்காலத்துக்காகத்தான் நீங்கள் ஓடுகிறீர்கள். எங்களுக்குச் சான்றிதழும் வீடும் தேவை என்று நினைக்கிறீர்கள், அது சரி. ஆனால் பாடசாலையை விட்டுப் போகும்போது நாங்கள் எடுத்துப்போக விரும்புவது உங்களோடு இருந்த நேரத்தையும் தான். எதிர்வரும் வெள்ளிக்கிழமை அஸர் தொழுதவுடன் வீட்டைப் பூட்டுங்கள். கடலோ வயலோ, எது அருகில் இருக்கிறதோ அங்கே போங்கள். தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள். மஃரிப் பாங்கு சொல்லத் திரும்பி வந்துவிடலாம்.

சகோதரிகளே! பெரியவர்கள் மறந்தால் நாங்கள் நினைவூட்டுவோம். கேட்காமல் எதுவும் கிடைப்பதில்லை.